மிஸ்ஸிடம் கேளுங்கள்: நிரம்பியபடியே வீடு திரும்பும் தண்ணீர்ப் போத்தல்

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் எனக்கு வரும் கடிதங்களிலும் எரிவு கூடிவிடும். இந்த முறை வந்தவற்றில் அரைவாசிக்கு மேல் சலக்கடுப்பை, அதாவது சிறுநீர்த் தொற்றைப் பற்றித்தான். பெயர் போட வேண்டாம் என்று எல்லோருமே கேட்டிருக்கிறீர்கள், அதனால் ஊரை மட்டும் போடுகிறேன். மட்டக்களப்பின் படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் மருத்துவமாதுவாக வீடு வீடாகப் போய் வந்து ஓய்வு பெற்றவள் நான், டொக்டர் இல்லை. ஆகவே மாத்திரையின் பெயர் கேட்டு எழுதியவர்களுக்கு இங்கே பதில் கிடையாது. கோபிக்க வேண்டாம்.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. சலம் போகும்போது எரிகிறது என்று இந்த வருடத்தில் மூன்றாவது தடவையாகச் சொல்கிறாள். மருந்து எடுத்தால் மாறுகிறது, பிறகு திரும்ப வருகிறது. "சுத்தமாக இரு" என்று தினமும் ஏசுகிறேன். அவளும் காலையும் மாலையும் குளிக்கிறாள். இன்னும் என்னதான் செய்வது?
— ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: முதல் வேலையாக ஏசுவதை நிறுத்துங்கள். இரண்டு நேரமும் குளிக்கிற பிள்ளையிடம் இன்னும் சுத்தம் சுத்தம் என்றால், தன் உடம்பே ஊத்தை என்று நினைக்கத் தொடங்கிவிடும். சலக்கடுப்பு ஊத்தைப் பிள்ளைகளுக்கு வரும் வருத்தம் இல்லை.

நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளுடைய தண்ணீர்ப் போத்தலை எடுத்துப் பாருங்கள். காலையில் நீங்கள் நிரப்பிக் கொடுத்த மட்டத்திலேயே இருந்தால் பாதி விசயம் அங்கேயே விளங்கிவிடும். காலை ஆறு மணிக்கு வீட்டில் ஒருமுறை போகிறாள். பள்ளிக்கூடம் ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு விடுகிறது. அப்புறம் டியூசன். வீடு வந்து சேர ஆறு மணி. பள்ளிக்கூடத்துக் கக்கூசில் கதவை உள்ளே பூட்ட முடியாது, வாளி இருந்தால் கோப்பை இல்லை, கோப்பை இருந்தால் தண்ணீர் இல்லை. டியூசன் கொட்டிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிள்ளைகள் கெட்டிக்காரிகள், கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள்: குடிக்காவிட்டால் போகத் தேவையில்லை. பன்னிரண்டு மணித்தியாலம் அடக்கியபடி இருந்துவிட்டு வருகிற பிள்ளையிடம்தான் நாங்கள் சவர்க்காரத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறோம்!

உள்ளே நடப்பது இதுதான். பெரும்பாலான சலக்கடுப்புக்குக் காரணம் ஈ.கோலை என்கிற கிருமி. அது எல்லோருடைய குடலிலும் சாதாரணமாக வாழ்கிறது, மலவாசலைச் சுற்றியுள்ள தோலிலும் இருக்கும். எவ்வளவு குளித்தாலும் முழுதாகப் போகாது. பெண்களுக்குச் சலப்பைக்குப் போகும் குழாய் ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர்தான், ஆண்களுக்கு அது 20 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். குழாய் குட்டையானது, அதன் வாசலும் மலவாசலுக்குக் கிட்ட என்பதால் கிருமி இலேசாக மேலே ஏறிவிடும். ஏறினால் ஏறட்டும், அடிக்கடி சலம் போகிற பிள்ளைக்கு அது வெளியே அடித்துக்கொண்டு போய்விடும். தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் பாசி பிடிப்பதில்லை. அடக்கி வைத்தால் கிருமிக்கு நின்று பெருக நேரம் கிடைக்கிறது.

தண்ணீர் என்றால் வெறும் பாட்டிக் கதை என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. அடிக்கடி இந்தத் தொற்று வருகிற, தண்ணீர் குறைவாகக் குடிக்கிற 140 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2018ல் வெளியானது. அவர்களில் பாதிப்பேரை வழக்கத்தைவிட ஒன்றரை லீற்றர் கூடுதலாகக் குடிக்க வைத்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குத் தொற்று வந்த தடவைகள் மற்றவர்களுக்கு வந்ததில் ஏறக்குறைய பாதிதான். அவர்கள் வளர்ந்த பெண்கள், உங்கள் மகளுக்கு அதே அளவு வேண்டும் என்று சொல்லவில்லை. சலத்தின் நிறத்தைப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். வைக்கோல் நிறத்தில் வெளுத்துப் போனால் போதும். விட்டமின் மாத்திரை எடுக்கும் நாட்களில் மட்டும் அந்த நிறத்தை நம்பக் கூடாது, அது கடும் மஞ்சளாகத்தான் போகும்.

இடைவேளைக்குள் அரைப் போத்தல் குடித்து, இடைவேளையில் ஒருமுறை போக வேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் டியூசனுக்கு முன் வீட்டுக்கு வர முடியாவிட்டால், பக்கத்தில் எந்தச் சொந்தக்காரர் வீட்டில் போகலாம் என்று நீங்களே பேசி வையுங்கள். மகள் கேட்க மாட்டாள், வெட்கப்படுவாள். போகும்போது பறந்து பறந்து போகக் கூடாது. ஆறுதலாக இருந்து, முடிந்தது என்று தோன்றிய பிறகும் கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை முயன்றுவிட்டு எழும்ப வேண்டும். மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கட்டியாகத் தேங்கிய மலம் சலப்பையை அழுத்தும், முழுதாகக் காலியாக விடாது. சலக்கடுப்போடு வருகிற பிள்ளைகளிடம் பலர் கேட்க மறக்கிற கேள்வி இது.

இரண்டு காரியம் உங்களுக்கு. மூன்று தடவை வந்திருப்பதால் திரும்ப டொக்டரிடம் காட்டி, சலத்தைக் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுக்கக் கேளுங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு மடங்கும் என்று அதில் தெரியும். தேவைப்பட்டால் ஸ்கானும் எடுப்பார்கள். அடுத்தது, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு இன்னும் நாலு தாய்மாரைக் கூட்டிக்கொண்டு போங்கள். 25 மாணவிகளுக்கு ஒரு மலசலகூடம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். இருக்கிற கதவுகளுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள், வாளி, கோப்பை, சவர்க்காரம், மூடியுள்ள குப்பைக்கூடை, இவற்றைக் கேளுங்கள். பரிசளிப்பு விழாவுக்குப் பந்தல் போடுகிற காசில் ஒரு பங்கு போதும்.

கேள்வி: எங்கள் மாதர் சங்கத்தில் சாமத்தியப்பட்ட பிள்ளைகளுக்குச் சுகாதார வகுப்பு எடுக்க என்னைக் கேட்டிருக்கிறார்கள். "முன்னாலிருந்து பின்னால் துடைக்க வேண்டும்" என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் துடைப்பதில்லையே, கழுவுகிறார்கள். இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? எனக்கே வெட்கமாக இருக்கிறது.
— தொண்டர் ஆசிரியை, திருக்கோவில்

பதில்: உங்கள் கேள்வியை அந்தப் புத்தகங்களை எழுதியவர்களிடம் அல்லவா கேட்க வேண்டும்! கடதாசி பாவிக்கும் ஊர்களுக்கு எழுதியதை அப்படியே தமிழில் மாற்றி வைத்திருக்கிறார்கள்.

கழுவுவதற்கும் அதே திசைதான். வலது கையால் கோப்பையைப் பிடித்து முன்பக்கமாகத் தண்ணீர் விட வேண்டும், அது பின்னால் வழிந்து போகட்டும். முன்பக்கத்தை முதலில் கழுவி முடிக்க வேண்டும். பிறகு இடது கையைப் பின்பக்கமாகக் கொண்டுபோய் மலவாசலைக் கழுவ வேண்டும். கால்களுக்கு நடுவே முன்னாலிருந்து கையை விட்டுப் பின்னே கழுவி, அதே கையை முன்னுக்கு இழுப்பதுதான் பிழையான முறை. நிறையப் பேர் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் பழகியிருப்பார்கள், ஏனென்றால் ஒருவரும் காட்டிக் கொடுத்ததில்லை. குழாயில் பூட்டிய ஹோஸ் உள்ள வீடுகளில் தண்ணீரை முன்னாலிருந்து பின்னுக்கு, மெதுவாக அடிக்க வேண்டும். பின்னாலிருந்து வேகமாக அடித்தால் எது எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. கழுவியதும் சுத்தமான சிறு துணியால் ஒற்றி எடுத்தால் நல்லது. வீட்டில் எல்லோரும் துடைக்கிற துவாய் வேண்டாம்.

ஒளிக்காமல் ஒன்றும் சொல்கிறேன். கழுவும் திசையை மாற்றினால் சலக்கடுப்பு இத்தனை வீதம் குறையும் என்று காட்டும் வலுவான ஆய்வு கிடையாது. கிருமி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவர்கள் பொது அறிவோடு சொல்வது இது. காசு செலவில்லை, தீமையும் இல்லை, சொல்லிக் கொடுங்கள். ஆனால் வகுப்பு முழுவதையும் இதிலேயே கழித்துவிட்டு, தண்ணீரையும் அடக்குவதையும் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளாதீர்கள்.

வெட்கத்துக்கு வருவோம். கரும்பலகையில் ஒரு படம் கீறுங்கள்: முன்னே சலவாசல், நடுவில் பிறப்பு வாசல், பின்னே மலவாசல். மூன்றும் வேறு வேறு என்பதிலிருந்து தொடங்குங்கள். சலமும் மாதவிடாயும் ஒரே வழியாக வருகிறது என்று நினைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பிள்ளைகள் மட்டுமா? மூன்று பிள்ளை பெற்ற தாய்மாரே அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இது எங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்லையே கா" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வகுப்பு நடக்கும்போது பெத்தாமாரை (பாட்டிமாரை) வெளியே இருத்தி வெற்றிலை கொடுங்கள். அவர்கள் இருந்தால் பிள்ளைகள் நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எல்லோருக்கும் ஒரு துண்டுக் கடதாசி கொடுத்து, பெயர் போடாமல் ஒரு கேள்வி எழுதி ஒரு பெட்டியில் போடச் சொல்லுங்கள். கேள்வி இல்லாதவர் ஒரு பூவாவது கீறிப் போடட்டும், அப்போதுதான் யார் எழுதியது என்று தெரியாது. நீங்கள் தயாரித்துக்கொண்டு போன பாடத்தைவிட அந்தப் பெட்டிக்குள்தான் உண்மையான பாடம் இருக்கும்.

மாதவிடாய் நாட்களில் நாலு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பேட் மாற்ற வேண்டும், மாற்றும் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். துணி பாவிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. ஆனால் அதைச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்து வெயிலில் காயவிட வேண்டும். பாவாடைக்கு அடியில் மறைத்து, கட்டிலுக்குக் கீழே ஒளித்துக் காயவைக்கிற பழக்கத்தைப் பற்றி வெளியே இருத்திய பெத்தாமாரிடமும் தனியாகக் கதையுங்கள். மாரி காலத்தில் வெயில் இல்லையென்றால் ஸ்திரிக்கைப் பெட்டி போடலாம். தயவுசெய்து "கவனமாக இல்லாவிட்டால் பிள்ளை பிறக்காது" என்று மட்டும் பயமுறுத்தாதீர்கள். பயந்த பிள்ளை வருத்தம் வந்தால் சொல்லாது.

கேள்வி: கார்மென்ட்ஸில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க இருந்தபடி வேலை. டெட்டோல் கலந்த தண்ணீரில் கழுவுகிறேன், பாமசியில் விற்கும் வாசனைத் திரவமும் பாவிக்கிறேன். அப்படியும் கடியும் எரிவும் நிற்கவில்லை.
— 21 வயது, செங்கலடி

பதில்: அதை நிறுத்தினாலே பாதி நின்றுவிடலாம், மகள். பிறப்பு வாசலுக்குள் நல்ல கிருமிகள் குடியிருந்து, கெட்டவற்றை அண்ட விடாமல் புளிப்புத் தன்மையை வைத்திருக்கின்றன. டெட்டோல் நல்லது கெட்டது பார்ப்பதில்லை. தோலையும் புண்ணாக்கும். உள்ளே எதையும் விட்டுக் கழுவக் கூடாது. வெளியே வெறும் தண்ணீர் போதும்.

எரிவு எங்கே என்று கவனியுங்கள். சலம் வரும்போது உள்ளே எரிந்து, அடிக்கடி முடுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் அது சலக்கடுப்பின் குறி. வெளித்தோலில் சலம் பட்டதும் எரிந்து, கடியும் தயிர்போல வெள்ளையும் இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், அதற்கு மருந்து வேறு. காட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நைலோன் உள்ளாடையை விட்டுப் பருத்திக்கு மாறினால் வியர்வையும் கடியும் குறையும். வேலை இடத்தில் கக்கூசுக்குப் போக ஆளையாள் பார்த்து முறை எடுக்க வேண்டியிருந்தால், நாலு பேர் சேர்ந்து மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். தனியாகக் கேட்டால் அது உங்கள் குறையாகிவிடும்.

கேள்வி: கலியாணம் முடித்து ஒரு மாதம். அதற்குள் இரண்டு தடவை சலக்கடுப்பு வந்துவிட்டது. சூடு என்று மாமி நெருஞ்சில் அவித்துத் தருகிறா, செவ்விளநீர் தருகிறா. தன் அலுமாரியில் மிச்சமிருந்த மாத்திரையும் நாலு தந்தா, குடித்தேன், குறைந்தது. அவர் வெளிநாட்டில் இருந்து வந்தவர். அவரிடமிருந்து ஏதும் தொற்றியதோ என்று மனதுக்குள் கிடந்து அரிக்கிறது.
— 23 வயது, கல்முனை

பதில்: இந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதம் எப்படித்தான் அந்த வீட்டில் சிரித்துக்கொண்டு நடந்தீர்களோ பிள்ளை. சலக்கடுப்பு ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கிற வருத்தம் இல்லை. கிருமி உங்கள் உடம்பிலேயே இருந்தது. உறவின்போது அது சலவாசலுக்குத் தள்ளப்படுகிறது. புதுக் கலியாணப் பெண்களுக்கு இது வருவது டொக்டர்மாருக்குப் பழகிப்போன கதை. அவருடைய நடத்தைக்கு இது சாட்சி ஆகாது. ஆனால் நிறம் மாறிய, நாற்றமுள்ள வெள்ளை, புண், அவருக்கும் எரிவு என்று ஏதாவது இருந்தால் அது வேறு விசயம், இரண்டு பேரும் சேர்ந்து போய்க் காட்ட வேண்டும்.

உறவு முடிந்ததும் தூங்கிப்போகாமல் எழும்பிப் போய்ச் சலம் கழியுங்கள், ஒரு கிளாஸ் தண்ணீர் குடியுங்கள். கக்கூஸ் வளவின் மூலையில் இருந்து, இரவில் கதவைத் திறந்தால் மாமி எழும்புவா என்று அடக்குகிறீர்களா? அதுதான் உண்மையான சிக்கல் என்றால் உங்கள் அவரிடம் சொல்லுங்கள், ஒரு டோர்ச்சோடு கூட வரட்டும். விந்தணுவைக் கொல்லும் களிம்போ நுரையோ குடும்பக்கட்டுப்பாட்டுக்குப் பாவித்தால் அதுவும் இந்தத் தொற்றைக் கூட்டும். வேறு முறை பற்றி உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் கேளுங்கள்.

மாமியின் செவ்விளநீர் நல்லது, குடியுங்கள். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு மட்டும் அது ஆகாது. நெருஞ்சில் கசாயத்தில் உள்ள தண்ணீர் உதவும், ஆனால் அதை நம்பி நாளைக் கடத்தக் கூடாது. அந்த மிச்ச மாத்திரைதான் எனக்குக் கோபம். நாலு குடித்தால் பலவீனமான கிருமி சாகும், திடமானது மிஞ்சும், அடுத்த தடவை அதே மாத்திரைக்கு அது அசையாது. அதோடு, உங்களுக்கு மாதவிடாய் தள்ளிப் போயிருக்கிறதா? அப்படியென்றால் எந்த மருந்துக்கும் முன் அதைப் பரிசோதியுங்கள். கர்ப்பத்தில் சில மருந்துகள் கூடாது. எரிவே இல்லாமலும் கர்ப்பிணிகளின் சலத்தில் கிருமி இருக்கலாம், கவனிக்காவிட்டால் சிறுநீரகம் வரை போகும். கிளினிக்கில் சலம் கேட்பதை அலுப்பாக நினைக்கக் கூடாது என்பது அதனால்தான்.

பரிசோதனைக்குச் சலம் கொடுக்கும்போது ஆய்வுகூடத்தில் தரும் போத்தலில்தான் எடுக்க வேண்டும். கழுவிய ஜாம் போத்தல், மிளகாய்த்தூள் போத்தல் எல்லாம் நான் கண்டிருக்கிறேன்! முன்பக்கத்தைத் தண்ணீரால் கழுவி, முதலில் வருவதைக் கீழே விட்டு, நடுவில் வருவதைப் பிடித்து, உடனே கொண்டுபோய்க் கொடுங்கள். மாத்திரை தொடங்கும் முன் எடுத்தால்தான் கிருமி அகப்படும். குளிர்க் காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் நோ, சத்தி (வாந்தி), சலத்தில் இரத்தம், இவற்றில் ஏதாவது வந்தால் விடியும்வரை பார்க்க வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசில்லை.

கேள்வி: நோன்பு காலத்தில் ஒவ்வொரு வருடமும் எனக்குச் சலம் எரியும். என்ன செய்யலாம்?
— காத்தான்குடி

பதில்: நோன்பு திறந்ததிலிருந்து ஸஹர் வரை தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடியுங்கள், தங்கச்சி. ஸஹர் முடிவில் ஒரேயடியாக ஒரு போத்தல் குடிப்பதில் பெரிய பலனில்லை, அது கொஞ்ச நேரத்தில் வெளியே போய்விடும். கஞ்சி நல்லது. தேநீரையும் உப்புப் பலகாரத்தையும் கொஞ்சம் குறையுங்கள். பகலில் குடிக்காவிட்டாலும் சலம் வந்தால் அடக்காதீர்கள். காய்ச்சலோடு தொற்று இருக்கும்போது நோன்பைத் தள்ளி வைப்பது பற்றி டொக்டரிடமும் மௌலவியிடமும் கேளுங்கள்.

கேள்வி: கதிர்காமப் பாதயாத்திரைக்கு முதல் தடவையாகப் போகிறேன். உகந்தைக்கு அங்கால் காட்டு வழியில் பெண்கள் எப்படிச் சமாளிப்பது?
— பாண்டிருப்பு

பதில்: கூட்டமாக, சீலையை மறைப்பாகப் பிடித்து. வேறு வழியில்லை, அதில் வெட்கமும் இல்லை. தண்ணீரைக் குறைத்துக்கொண்டு குமனைக் காட்டு வெயிலில் நடந்தால் சலக்கடுப்புக்கு முன் மயக்கம் வரும். கழுவுவதற்குச் சிறு போத்தல் ஒன்றைத் தனியாக வைத்திருங்கள், ஆற்றிலும் குளத்திலும் அள்ளுகிற தண்ணீரைக் குடிக்கும் போத்தலோடு கலக்காதீர்கள். நடையில் மாதவிடாய் வந்தால், பாவித்த பேட்டைக் கடதாசியில் சுற்றிப் பையில் திருப்பிக் கொண்டு வாருங்கள், காட்டில் போட வேண்டாம்.

கேள்வி: மனைவி சவூதியில் வேலை. 12 வயது மகளும் நானும் என் தாயும்தான் வீட்டில். இந்த விசயங்களை ஒரு தகப்பன் எப்படிச் சொல்வது?
— வாகரை

பதில்: இந்தக் கேள்வியை ஒரு ஆண் எழுதியதே எனக்குச் சந்தோசம், தம்பி. எல்லாவற்றையும் நீங்களே சொல்ல வேண்டியதில்லை. கழுவுகிற முறையையும் மாதவிடாயையும் உங்கள் பகுதி மருத்துவமாது வந்து சொல்லிக் கொடுப்பா. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் அவ எந்த நாளில் உங்கள் பக்கம் வருவா என்று சொல்வார்கள். மனைவியிடமும் சொல்லி வையுங்கள், வாட்ஸ்அப்பில் தாயும் மகளும் மட்டும் கதைக்க ஒரு நேரம் ஒதுக்கி, அந்த நேரம் நீங்கள் கடைப்பக்கம் போய் வாருங்கள்.

உங்கள் வேலை வேறு. வீட்டுக் கக்கூசுக்கு உள்ளே தாழ்ப்பாளும் இரவு வெளிச்சமும் போடுங்கள். மூடியுள்ள ஒரு வாளி வையுங்கள். வீட்டுச் சாமானோடு ஒரு பக்கெட் பேட்டும் வாங்கி, ஒன்றும் சொல்லாமல் அவளுடைய அலுமாரியில் வைத்துவிடுங்கள், தேவை வரும்போது யாரிடமும் கேட்க வேண்டியிராது. பள்ளிக்கூடத்தால் வந்ததும் போத்தலைப் பாருங்கள். அப்புறம் ஒரே ஒரு வசனம் மட்டும் உங்கள் வாயால் வர வேண்டும்: "சலம் போகும்போது எரிஞ்சா அப்பாட்ட சொல்லு மகள், நான் ஏச மாட்டன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவன்." ஒருமுறை சொன்னால் கேட்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டாள். மறுகா ஒரு நாளைக்கும் சொல்லுங்கள்.